சொல்லின் வால் காதில் விழவேண்டும்: சீனம் பேசுவோருக்கு ஆங்கிலம்

கேள்வியைச் சுருக்கமாக முதலில் எழுதிவிடுகிறேன். சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில், சீனாவிலிருந்து வேலைக்கு வந்த பன்னிரண்டு பேருக்கு நீங்கள் மாலை வகுப்பு எடுக்கப்போகிறீர்கள். அவர்களுக்குச் சொல்வளம் நிறைய இருக்கிறது. இலக்கண விதியைக் கேட்டால் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால் வாயைத் திறந்தால் 'ஹி வெரி சக்ஸஸ்', 'எஸ்டர்டே ஐ கோ' என்றுதான் வருகிறது. எங்கிருந்து தொடங்குவது, இதற்காகச் சீனம் படிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. விதி தெரிந்தவருக்கு அதே விதியை இன்னொரு முறை பலகையில் எழுதிக் காட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. இது புரிய எனக்கே இரண்டு வருடம் ஆனது. அதைப் புரியவைத்தவர் சைனாடவுனில் பழக்கடை வைத்திருந்த ஒரு வயதான அம்மா. படித்த நாலு வரிச் சீனத்தை அவரிடம் எடுத்துவிட்டேன். ஆரஞ்சு வாங்க வேண்டும் என்று சொல்வதாக நினைத்து 'மாய்' என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், வெறுங்கையைப் பார்த்தார், பிறகு சிரித்தார். 'மாய்' என்பதைத் தணிந்து இறங்கி ஏறும் தொனியில் சொன்னால் வாங்குவது. மேலிருந்து வெட்டி இறக்கினால் விற்பது. நான் ஆரஞ்சு விற்க வந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். மாண்டரின் என்ற பொதுச்சீனத்தின் நான்கு தொனிகளும் எனக்குத் தெரியும், தாளில் கேட்டால் கோடு போட்டே காட்டியிருப்பேன். ஆனால் என் காது தொனியை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளப் பழகியதே இல்லை. தமிழில் தொனி மாறினால் கோபமா, கேள்வியா, கிண்டலா என்பது தெரியும், சொல்லே வேறாகிவிடாது.

எனக்குத் தொனி எப்படியோ, உங்கள் மாணவர்களுக்கு ஆங்கிலச் சொல்லின் வால், அதாவது கடைசியில் ஒட்டும் 'எட்', 'ஸ்' போன்ற விகுதி, அப்படி. 'வந்தாள்' என்று கேட்டவுடனே நமக்குக் காலம், இடம், பால், எண் எல்லாம் ஒரே மூச்சில் விழுந்துவிடுகிறது. பகுதி, விகுதி, இடைநிலை என்று பள்ளியில் சொல்லைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தவர்கள் நாம். நம் மொழியில் வால் இல்லாமல் வண்டி ஓடாது. மாண்டரினிலோ போவதற்கு 'ச்சூ' என்ற ஒரே சொல்தான். நான், நீ, அவள், நேற்று, நாளை எது சேர்ந்தாலும் அந்தச் சொல் அசையாது. நேற்று என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும், அதற்குமேல் வினைச்சொல்லும் அதையே இன்னொரு முறை சொல்ல வேண்டிய அவசியம் என்ன என்பது அவர்கள் பக்கத்து நியாயம். யோசித்துப் பார்த்தால் அந்த நியாயத்தில் தப்பும் இல்லை.

டானா லார்டியர் என்ற அமெரிக்க மொழியியலாளர், சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்டு அமெரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்த ஒரு பெண்ணின் பேச்சைப் பல ஆண்டு இடைவெளியில் பதிவுசெய்து ஆராய்ந்தார். 1998இல் வெளிவந்த கணக்குப்படி, இறந்தகால வடிவம் வந்தாக வேண்டிய இடங்களில் அந்தப் பெண் அதைப் போட்டது ஏறக்குறைய 34 விழுக்காடுதான். பதிவுகளுக்கு நடுவே ஓடிய ஆண்டுகளில் அது கூடவும் இல்லை. அதே பெண் 'ஹி', 'ஹிம்' வரவேண்டிய இடங்களில் தவறே செய்யவில்லை. வாக்கிய அமைப்பு மண்டைக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறது, வால் மட்டும் வெளியே வருவதில்லை. கூடவே இருந்து கேட்டுக்கொண்டே இருந்தால் தானாக வந்துவிடும் என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். சிங்கப்பூரில் அது இன்னும் தானாக வராது. இங்கே காதில் விழுவது பாதி நேரம் 'ஐ ஈட் ஆல்ரெடி'. அதிலும் வால் இல்லை, அந்த 'ஆல்ரெடி'யே சீன மொழிகளின் முடிவுக்குறி ஆங்கில வேடம் போட்டு வந்ததுதான். நல்ல ஆங்கிலம் பேசுவோம் என்று 2000ஆம் ஆண்டில் அரசு இயக்கமே தொடங்கினார்கள், ஆனாலும் காப்பிக்கடை காப்பிக்கடையாகத்தான் இருக்கிறது.

வால் விழாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் மருந்து மாறிப்போகும்.

ஒன்று வாய். மாண்டரினில் ஓர் அசை உயிரில் முடியும், இல்லாவிட்டால் 'ன்', 'ங்' இரண்டில் ஒன்றில் முடியும். வடக்கத்திக்காரர்கள் நாக்கை வளைத்து ஒரு 'ர்' சேர்ப்பார்கள். அத்தோடு சரி. 'ஒர்க்ட்' என்ற சொல்லின் கடைசியில் இரண்டு வல்லின மெய்கள் அடுக்காக நிற்கின்றன, அதற்கு அவர்கள் வாயில் இடமே இல்லை. நம் ஊரில் 'பஸ்ஸு', 'பல்பு' என்று ஓர் உகரத்தை ஒட்டவைத்துத் தப்பிக்கிறோமே, அதுபோல் சிலர் 'ஒர்க்க-த' என்று இழுப்பார்கள். பெரும்பாலோர் கடைசி மெய்யை விழுங்கிவிடுவார்கள். இன்னொரு காரணம் கவனம். வாலைக் கேட்கும் பழக்கமே இல்லாதது.

எது என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. 'வான்டெட்', 'நீடெட்' போன்றவற்றில் வால் தனி அசையாக வருவதால் வாய்க்குச் சிரமமில்லை. 'ஸீ' என்பது 'ஸா' ஆகும்போது உயிர் மட்டும் மாறுகிறது, அதற்கும் சிரமமில்லை. மாணவர் இவற்றைச் சரியாகச் சொல்லி 'ஒர்க்ட்', 'ஹெல்ப்ட்' மட்டும் விழுங்கினால் கோளாறு வாயில். 'எஸ்டர்டே ஐ ஸீ' என்றும் சொன்னால் கோளாறு கவனத்தில். முதல் வாரம் ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் பேசவிட்டு இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஊரையும் கேட்டுவையுங்கள். குவாங்டோங்கிலிருந்து வந்தவரின் வீட்டுமொழி கேண்டனீஸ் என்றால், அதில் ப், ட், க் மூன்றிலும் சொல் முடியும். ஃபுஜியென் தெற்குப் பக்கத்து ஹொக்கியெனிலும் அப்படியே. அவர்களுக்கு ஒற்றை மெய் வரும், அடுக்குதான் சிக்கல். மாண்டரின் பேசும் ஹெனானோ சிச்சுவானோ என்றால் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

வாய்க்கு நான் கொடுக்கும் பயிற்சியில் வால் தனியாக நிற்கவே நிற்காது. அடுத்த சொல் உயிரில் தொடங்கும்படி வாக்கியத்தை அமைப்பேன். 'லிவ்ட் இன்' என்பதை 'லிவ்-டின்' என்றும், 'லுக்ஸ் அட்' என்பதை 'லுக்-ஸட்' என்றும் பிரித்துச் சொல்லவைப்பேன். சொல்லின் கடைசியில் வராத மெய் அசையின் தொடக்கத்தில் அழகாக வரும், 'டின்' என்று சொல்ல எந்தச் சீனருக்கும் கஷ்டமில்லை. மெய்யின்மேல் உயிர் வந்து ஏறும் புணர்ச்சி நமக்குப் பழகிய சமாச்சாரம்தான், இதைச் சொல்லிக்கொடுக்க நம்மைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. 'ஒர்க்ட்' என்பதைத் தனியாக ஐம்பது முறை சொல்லச் சொல்லி அவர்களை வதைக்காதீர்கள்.

இனி எங்கே தொடங்குவது என்பதற்கு வருகிறேன். பெரும்பாலான பாடநூல்கள் காலத்தில் தொடங்குகின்றன. நான் சொல்லாக்கத்தில் தொடங்குகிறேன், அதுவும் பெரிய வால்களில் தொடங்குகிறேன். காலம் காட்டும் 'ட்' காதில் பட்டும் படாமலும் போகும் ஒரு முனகல். 'நெஸ்', 'ஃபுல்', 'மாடர்னைஸ்' என்பதில் வரும் 'ஐஸ்', 'ஆலஜி' எல்லாம் முழு அசைகள், காதிலும் விழும் கண்ணிலும் படும். சொல்லின் கடைசியில் ஏதோ சேதி இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும் என்ற பழக்கத்தை இவற்றில் ஏற்படுத்திவிட்டால், சின்ன வாலுக்குப் பிறகு இறங்கலாம்.

சொல்லாக்கத்தில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் என்பது இன்னொரு காரணம். சீனமே ஒரு சொற்கட்டுத் தொழிற்சாலை. 'தியென்' என்றால் மின்சாரம். மின்மூளை கணினி, 'தியென்நாவ்'. மின்பேச்சு தொலைபேசி, 'தியென்ஹுவா'. மின்நிழல் சினிமா, 'தியென்யிங்'. மின்நிழல் என்ற பெயரை முதலில் கேட்ட அன்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. இப்படிப் பழகியவர்களுக்கு ஆங்கிலம் பைத்தியக்கார மொழியாகத் தெரிவதில் வியப்பில்லை. மாட்டிறைச்சி என்றால் மாடு, இறைச்சி, இரண்டையும் சேர்த்து 'நியூரோ'. திங்கள்கிழமை என்றால் வாரம்-ஒன்று, ஜனவரி என்றால் ஒன்று-மாதம். மாடு ஒரு சொல், அதன் இறைச்சிக்குத் தொடர்பே இல்லாத 'பீஃப்' என்று இன்னொரு சொல் எதற்கு என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்பார்கள்.

இந்தப் பின்னணியிலிருந்து வந்தவர்கள் பள்ளியில் ஆங்கிலச் சொற்களை எப்படிப் படித்தார்கள் தெரியுமா? அகரவரிசைப் பட்டியலாக. சீனாவில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மதிப்பெண், அதில் ஆங்கிலத்துக்கு 150. அதற்குச் சொற்பட்டியல் புத்தகங்கள் உண்டு. பல பட்டியல்களில் முதலில் வரும் சொல் 'அபேண்டன்', அதாவது கைவிடு. புத்தகத்தைத் திறந்ததும் கைவிடு என்று எழுதியிருந்தது, சொன்னபடி கைவிட்டுவிட்டோம் என்பது அவர்களிடையே பழைய பகடி. நீங்கள் வகுப்பில் 'அபேண்டன்' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், பன்னிரண்டு பேரும் சிரிப்பார்கள். பட்டியலில் தனித்தனியே விழுங்கிய சொற்கள் அவை, ஒன்றுக்கொன்று உறவு தெரியாமல் கிடக்கின்றன. உங்கள் வேலை அவற்றைக் குடும்பமாக்குவது.

அதற்குக் கைகொடுப்பது 'புஷோ', சீன எழுத்தின் வேர்க்குறி. ஆறு, ஏரி, கடல், கழுவுதல் என்ற எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இடப்பக்கம் மூன்று நீர்த்துளிகள் நிற்கும். தெரியாத எழுத்தைக் கண்டாலும் துளிகளைப் பார்த்துத் தண்ணீர்ச் சமாச்சாரம் என்று ஊகிப்பார்கள். 1716இல் முடிந்த காங்ஷி அகராதி இப்படிப்பட்ட 214 வேர்க்குறிகளில் மொத்த எழுத்தையும் அடுக்கியது. ஆங்கிலத்துக்கும் புஷோ உண்டு, அது பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும் என்று முதல் வகுப்பிலேயே சொல்வேன். பிறகு அவர்கள் மொழியிலிருந்தே ஜோடி போட்டுக் காட்டலாம். 'யென்' என்றால் அழற்சி. ஈரல்-யென் 'ஹெபடைடிஸ்', மூட்டு-யென் 'ஆர்த்ரைடிஸ்', ஆகவே 'ஐடிஸ்' என்பது யென். 'ஷுவே' என்றால் கல்வி. உயிர்ப்பொருள்-ஷுவே 'பயாலஜி', மனம்-ஷுவே 'சைக்காலஜி', ஆகவே 'ஆலஜி' என்பது ஷுவே. 'ஷிங்' என்பது தன்மை, ஆங்கிலத்தின் 'இட்டி', 'நெஸ்' இரண்டுக்கும் பக்கத்தில் வரும். நவீனமயமாக்கலின் 'மயம்' அவர்களுக்கு 'ஹுவா', ஆங்கிலத்தில் 'ஐஸ்'. முதியோர் இல்லத்தில் வேலைபார்த்த ஃபுஜியென் பெண் ஒருவர் 'ஐடிஸ்' பாடம் நடந்த மறுநாள் மருந்துச்சீட்டுகளிலிருந்து பதினொரு சொற்கள் எழுதி எடுத்துவந்தார். ஒவ்வொன்றின் கடைசியிலும் சிவப்புப் பேனாவில் அடிக்கோடு. அந்தச் சிவப்புக் கோடுதான் எனக்கு வேண்டியிருந்தது. வால் கண்ணில் பட ஆரம்பித்துவிட்டது.

ஜோடி எல்லா இடத்திலும் பொருந்தாது, அதையும் சீக்கிரமே சொல்லிவிடுங்கள். சிச்சுவான் சமையல்காரர் ஒருவர் முதல் நாள் எழுந்து நின்று 'ஐ ஆம் எ குக்கர்' என்றார். எனக்கு மூன்று விசில் நினைவுக்கு வந்துவிட்டது. 'டீச்' செய்பவர் 'டீச்சர்', 'டிரைவ்' செய்பவர் 'டிரைவர்' என்றால் அவர் கணக்கு சரிதானே! விதியைக் கற்றுக்கொண்டவர் செய்யும் தவறு இது, விதி தெரியாதவர் செய்வது அல்ல. இப்படிப்பட்ட தவறு வந்தால் நான் உள்ளுக்குள் மகிழ்ந்துகொள்வேன்.

'ஹி வெரி சக்ஸஸ்' வருவது வேறு வழியாக. அதில் இரண்டு சீனப் பழக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சீனத்தில் 'செங்கொங்' என்ற ஒரே சொல் வெற்றி, வெற்றிபெறு, வெற்றிகரமான மூன்றுக்கும் பொதுவானது, நிற்கும் இடத்தைப் பொறுத்து வேலை மாறும். அகராதியில் முதலில் கண்ட 'சக்ஸஸ்' மூன்று வேலைக்கும் போதும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது, 'அவர் உயரம்' என்று சொல்லும்போது சீனத்தில் 'ஆகும்', 'இருக்கிறார்' எதுவும் நடுவில் வராது, அந்த இடத்தில் 'ஹென்' என்ற சொல் நிற்கும். அகராதி அதற்கு 'மிக' என்று பொருள் தரும், ஆனால் சாதாரணப் பேச்சில் அதில் 'மிக' ஒன்றும் இருக்காது, வாக்கியத்தைக் கோக்கும் ஊசிதான். ஆகவே அவர்கள் சொல்லும் 'வெரி' என்பது நம் 'ரொம்ப' அல்ல. ஆங்கிலத்தின் 'இஸ்' உட்கார வேண்டிய நாற்காலியில் 'வெரி' உட்கார்ந்திருக்கிறது. 'ஹென்' வரும் இடத்தில் முதலில் 'இஸ்' போடுங்கள், உண்மையிலேயே மிக என்றால் மட்டும் 'வெரி'யும் சேருங்கள் என்று ஒரே வரியில் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். 'ஐ வெரி லைக்' என்பதற்கும் வேர் இதே 'ஹென்' தான்.

'ஐ ஆம் போரிங்' என்று யாராவது சொல்லாமல் உங்கள் முதல் மாதம் முடியாது. 'வூலியாவ்' என்ற ஒரே சொல் சலிப்படைந்தவருக்கும் சலிப்பூட்டுவதற்கும் பொருந்தும். இங்கே நான் படம்தான் வரைவேன். பேசிக்கொண்டே இருக்கும் ஒரு ஆசிரியர், தூங்கி வழியும் ஒரு மாணவர். ஆசிரியர் தலைக்கு மேல் 'இங்', மாணவர் தலைக்கு மேல் 'எட்'. அந்த ஆசிரியருக்கு என் மூக்கை வைத்து வரைந்தால் பாடம் மறப்பதில்லை.

பன்மைக்கு வருவோம். நாமும் 'நாலு இட்லி' என்றுதான் சொல்கிறோம், ஹோட்டலில் 'நாலு இட்லிகள்' கேட்டால் சர்வர் ஒரு மாதிரி பார்ப்பார். ஆகவே எண் வந்தபிறகு பன்மை விகுதி எதற்கு என்ற அவர்கள் கேள்வி நமக்குப் புரிய வேண்டும். சீனம் இன்னும் ஒரு படி மேலே. எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே ஓர் அளவுச்சொல் கட்டாயம். புத்தகத்துக்கு 'பென்', தாளுக்கும் மேசைக்கும் 'ஜாங்'. நீளமாக நெளிவதற்கு 'தியாவ்', அதில் ஆறு, சாலை, மீன், காற்சட்டை எல்லாம் அடக்கம். ஆங்கிலத்தில் 'ஃபர்னிச்சர்', 'அட்வைஸ்' போன்ற சொற்களை நேராக எண்ண முடியாது, 'பீஸ் ஆஃப்' போட்டுத்தான் எண்ண வேண்டும். மற்ற நாட்டு மாணவர்களுக்கு இவை கடைசியில் கற்பிக்கும் விதிவிலக்குகள். சீனருக்கு இவற்றில்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் சீனப் பெயர்ச்சொற்கள் அத்தனையும் 'ஃபர்னிச்சர்' மாதிரிதான். ஆங்கிலத்தில் இந்தச் சில சொற்கள் உங்கள் ஊர்க்காரர்கள், மற்றவையெல்லாம் அளவுச்சொல்லைத் தொலைத்துவிட்டு அதற்குப் பதில் 'ஸ்' மாட்டிக்கொண்டவை என்றேன். ஹெனான் மின்பணியாளர் ஒருவர் மேசையைத் தட்டி, "அப்போ 'ஸ்' என்பது ஆங்கிலத்தின் அளவுச்சொல்!" என்றார். இலக்கணப்படி அது முழுச்சரி இல்லை. நான் திருத்தவில்லை.

காதைச் சோதிக்க, ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் 1958இல் குழந்தைகளிடம் செய்த சோதனையைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாத ஒரு பறவையை வரைந்து 'வக்' என்று பெயர் வைத்து, இரண்டாவதையும் வரைந்து, இப்போது இரண்டு என்ன என்று கேட்பது. ஆங்கிலக் குழந்தைகள் பெரும்பாலும் 'வக்ஸ்' என்றனர், கடைசி ஒலி 'பஸ்' என்பதன் 'ஸ்' அல்ல, 'ஸீப்ரா'வில் வரும் அதிர்வுள்ள ஒலி. என் வகுப்பில் வாயால் கேட்டால் 'டூ வக்' என்பார்கள், எழுதச் சொன்னால் எல்லாருமே வால் போட்டுவிடுவார்கள். எழுதும் கைக்கு ஓர் இலக்கணம், பேசும் வாய்க்கு ஓர் இலக்கணம். இதை அவர்களே பார்த்துச் சிரித்த பிறகுதான் வகுப்பு நகரும்.

காலத்துக்கு வந்தால் 'லெ' என்ற சீனச் சொல்லை எச்சரிக்கையாகக் கையாளுங்கள். 'லெ' என்றால் ஆங்கிலத்தின் 'எட்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பார்கள். தப்பு. 'லெ' செயல் முடிந்ததைச் சொல்லும், எப்போது முடிந்தது என்பதைச் சொல்லாது. நாளைக்குச் சாப்பிட்டு முடித்ததும் போகிறேன் என்பதிலும் 'லெ' வரும். தமிழில் இதற்குக் கச்சிதமான உறவினர் உண்டு: 'விடு'. சாப்பிட்டுவிட்டேன், சாப்பிட்டுவிடுவேன், சாப்பிட்டுவிட்டு. காலம் எதுவானாலும் 'விடு' முடிவைக் காட்டுகிறது இல்லையா, 'லெ'யும் அப்படியே. இன்னொரு சொல்லான 'குவோ' நல்ல பாலம். எப்போதாவது ஒருமுறை அங்கே போன அனுபவம் உண்டு என்பதற்கு 'ச்சூ குவோ' என்பார்கள், அதை 'ஹாவ் பீன் டு' என்பதோடு நேராக இணைக்கலாம். செயல் நடந்துகொண்டிருப்பதற்கு 'ஸாய்' இருப்பதால் 'இங்' கற்பிப்பதும் லேசு.

'எட்' மட்டும் பாலம் இல்லாத ஆறு. அதற்கு நான் நம்பும் பயிற்சி ஒன்றே ஒன்று. வாக்கியத்தில் நேற்று, இன்று என்ற சொல்லும், வாலும் இரண்டும் இருந்தால் மாணவர் சொல்லைப் பிடித்துக்கொண்டு வாலை விட்டுவிடுவார் என்று பில் வான்பேட்டன் என்ற ஆய்வாளர் விளக்கியிருக்கிறார். ஆகவே நேற்றையும் இன்றையும் எடுத்துவிட வேண்டும். 'ஷி ஒர்க்ட் இன் ஷாங்காய்', 'ஷி ஒர்க்ஸ் இன் ஷாங்காய்', 'தே லிவ்ட் அபவ் தி ஷாப்', 'தே லிவ் அபவ் தி ஷாப்' என்று இருபது வாக்கியங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் படிக்க, அவர்கள் பேசாமல் கையை மட்டும் தூக்க வேண்டும். முடிந்துபோனது என்றால் இடக்கை, இப்போதும் உண்டு என்றால் வலக்கை. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் கையைப் பார்ப்பார்கள். என் வகுப்பில் முதல் நாள் கைகள் ஏலக்கடை மாதிரி இரண்டு பக்கமும் எழுந்தன. மூன்றாவது வாரத்தில் வாலை நான் வேண்டுமென்றே மெதுவாகச் சொன்னபோதும் இடக்கைகள் ஒன்றாக ஏறின. அதுவரை நான் அவர்களைப் பேசச் சொல்லவே இல்லை. காது திறந்த பிறகு வாய்க்கு வேலை கொடுத்தால் பாதிச் சண்டை மிச்சம். முன்னால், பின்னால் என்று கைகாட்டிக் காலம் சொல்லாதீர்கள். சீனத்தில் முந்தாநாள் 'முன்-நாள்', நாளை மறுநாள் 'பின்-நாள்'. நம் முன்னோர், பின்னோர் மாதிரிதான், ஆனால் ஆங்கிலப் பாடநூல் படங்களோடு அது முட்டிக்கொள்ளும்.

'ஹி', 'ஷி' குழப்பத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். அந்த மின்பணியாளர் கைப்பேசியில் அம்மாவின் படத்தைக் காட்டி 'ஹி இஸ் மை மதர்' என்றார். அவன், அவள், அது மூன்றும் பேச்சில் 'தா' தான். எழுத்தில் அவளுக்கென்று தனிக்குறி பரவியதே 1920 வாக்கில், லியூ பன்னொங் என்ற கவிஞர் முன்னெடுத்த பிறகு. ஆங்கிலத்தில் நன்றாகப் பேசுபவர்கூட வேகத்தில் இதைத் தடுமாறுவார். நடுவில் நிறுத்தித் திருத்தினால் சொல்லவந்த கதை போய்விடும்.

தமிழர்களுக்குத் தற்செயலாக ஒரு சொத்து கிடைத்திருக்கிறது. 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதைச் சீனத்தில் அப்படியே வரிசை மாறாமல் சொல்லலாம்: 'ஸுவோதியென் மாய் த ஷு'. பெயரெச்சம் நமக்கும் அவர்களுக்கும் பெயருக்கு முன்னால் வருகிறது, ஆங்கிலத்தில் 'புக் தட்' என்று பின்னால் தொங்குகிறது. இங்கே ஒரு கண்ணி உண்டு. ஜாக்குலின் ஷாக்டர் என்ற மொழியியலாளர் 1974இல் மாணவர் கட்டுரைகளை எண்ணிப் பார்த்தபோது, இந்த அமைப்பில் பாரசீக, அரபு மாணவர்களைவிடச் சீன, ஜப்பானிய மாணவர்களின் தவறுகள் குறைவாக இருந்தன. காரணம் திறமை அல்ல. அவர்கள் அந்த அமைப்பைப் பயன்படுத்தியதே மற்றவர்களில் பாதிக்கும் குறைவான இடங்களில். வராததைத் தொடாமலே சுற்றிப் போய்விடுகிறார்கள். சிவப்பு மை படாத கட்டுரையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், எது வரவில்லை என்று தேடுங்கள்.

'எ', 'தி' இரண்டையும் பற்றி எழுதினால் இன்னொரு பதில் ஆகிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். 'கெரென் லாய் லெ' என்றால் எதிர்பார்த்த அந்த விருந்தாளி வந்துவிட்டார், 'லாய் கெரென் லெ' என்றால் யாரோ விருந்தாளி வந்திருக்கிறார். குறிப்பானது வினைக்கு முன்னால், யாரோ எவரோ பின்னால். 'தி' என்ற கருத்து அவர்களிடம் இருக்கிறது, அது இடத்தில் ஒளிந்திருக்கிறது. 'ஆல்தோ' போட்டால் 'பட்' போடக்கூடாது என்பதை ஒரு நாளில் முடித்துவிடலாம், சீனத்தில் 'சுய்ரான்' வந்தால் 'தான்ஷி'யும் வரும் என்பதுதான் விஷயம். சீனர்களுக்கு 'அப்படி நடந்திருந்தால்' என்று யோசிக்கவே வராது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 1981இல் ஆல்ஃபிரெட் புளூம் என்ற ஆய்வாளர் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதினார், 1983இல் டெர்ரி ஆவ் என்ற இன்னோர் ஆய்வாளர் அப்படிப்பட்ட கதையை நல்ல சீனத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்டபோது சீனம் பேசுபவர்கள் தாராளமாகப் புரிந்துகொண்டார்கள்.

வால்கள் வாயில் வரும் வரிசையைப் பொறுத்தவரை, உடைமை காட்டும் 'ஸ்' அவர்களுக்குச் சீக்கிரம் வரும், சீனத்தின் 'த' என்ற சொல் அதே இடத்தில் நின்று அதே வேலையைச் செய்கிறது. பன்மை 'ஸ்' தாமதமாகும். லக், ஷிராய் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2009இல் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்னதும் இதுவே. 'ஷி ஒர்க்ஸ்' என்பதன் 'ஸ்' தாய்மொழி எதுவானாலும் பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது, அது இல்லாவிட்டால் பொருளும் கெடுவதில்லை. கையைத் தூக்கும் பயிற்சியில் அது காதில் விழுந்தால் போதும், முதல் ஆறு மாதம் அவர்கள் வாயில் அதைத் தேடாதீர்கள். எத்தனை பாடநூல் அதை மூன்றாம் பாடத்தில் வைத்திருந்தாலும் சரி.

சீனம் படிக்க வேண்டுமா என்றால், பேசுமளவுக்கு வேண்டாம். லெ, குவோ, ஸாய், த, ஹென், தா, அளவுச்சொற்கள் பத்து, யென், ஷுவே போன்ற வால்கள் பத்து. இரண்டு வாரம் போதும். அவற்றைத் தப்பான தொனியில் வகுப்பில் சொல்லுங்கள், திருத்தட்டும். உங்களை 'டீச்சர்' என்று கூப்பிடுவார்கள், அவர்கள் ஊர் 'லாவ்ஷி'யின் மொழிபெயர்ப்பு அது. வெள்ளைக்காரர்களுக்கு அது ஒரு மாதிரி இருக்கும், டீச்சர் டீச்சர் என்று கூப்பிட்டே வளர்ந்த நமக்கு என்ன!

வீட்டுப்பாடமாக வாரம் ஒருமுறை வீசாட் செயலியில் முப்பது விநாடி குரல் அனுப்பச் சொல்லுங்கள், போன வாரம் என்ன செய்தார்கள் என்று. நீங்கள் திருத்தி அனுப்பக்கூடாது. அவர்களே தங்கள் குரலைக் கேட்டு, வாயிலிருந்து வந்தது வந்தபடி எழுத்துக்கு எழுத்து எழுதிவர வேண்டும், வால் விழுந்த இடத்தில் காலியாக ஒரு கட்டம் போட்டு. முதல் தாளில் கட்டமே இருக்காது, எல்லா வாலும் ஒழுங்காக எழுதியிருக்கும், ஏனென்றால் கை தானாகத் திருத்திவிடும். பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை போட்டுக் கேட்கவையுங்கள். முதல் கட்டத்தை அவர்களே வரையும் வரைக்கும் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.